மரை

சுரங்கப்பாதைத் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வண்டி.
இன்சூரன்ஸ்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார்,
துரு போகவில்லை.

ஸ்டார்ட்டர் மோட்டாரை இரண்டு போல்ட் பிடித்திருக்கிறது.
மேல் போல்ட் கழன்று
என் டிபன் பாக்ஸ் மூடியில் சாதுவாகக் கிடக்கிறது.
கீழ் போல்ட்டுக்குத் தலை வழுக்கிவிட்டது.
ஆறு மூலையும் தேய்ந்து
சுண்டைக்காய் ஆகிவிட்டது என்றார் லாசர்,
பார்க்காமலே.
அதைப் பார்க்கவும் முடியாது.
இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே
நாலு விரல் சந்து.
லாசரின் கை
முறம்.

டீசல் ஊற்றியாயிற்று.
ஊறட்டும் என்று டீ குடித்து வந்தாயிற்று, இரண்டு தடவை.
ஸ்பேனர் நழுவி முட்டியில் தோல் போனபோது
ஒரு வார்த்தை சொன்னார்,
உடனே "சாரி சிஸ்டர்" என்றார்.
பதினெட்டு வருஷம் வார்டில் இருக்கிறேன்,
அந்த வார்த்தையின் அக்கா தங்கச்சிகளை எல்லாம் தெரியும்.

"வியாசர்பாடியில எத்தனை பேருக்கு மரை கழண்டிருக்கு,
இது கழலுதா பாருங்க."

பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு,
"உங்க கை போகும்."

வாட்சைக் கழற்றினேன்.
மேலே திருவள்ளூர் வண்டி தடதடத்துப் போய் முடியும்வரை
காத்திருந்து கையை விட்டேன்.

கண்ணை மூடினால்தான் விரல் பார்க்கும்.
சுகர்காரர்களின் வீங்கிய கையில்
ஓடி ஒளியும் நரம்பை இப்படித்தான் பிடிப்பேன்.
ரப்பர் குழாய். இது இல்லை.
ஒயர் கட்டு. இது இல்லை.
பிசுபிசுவென்று ஏதோ. வேண்டாம்.
அப்புறம் அது.
"ஒரு மூலை மிச்சம் இருக்கு" என்றேன்.
வண்டிக்கு அடியிலிருந்து லாசர்
"அது போதும்."

பன்னிரண்டாம் நம்பர் தலைக்குப்
பதினொன்றாம் நம்பர் பாக்ஸ்,
பத்தாத தொப்பியை அடித்து மாட்டுவதுபோல.
தொப்பியைப் பிடிக்க நான்,
கீழிருந்து நீளக் கம்பி வைத்து அடிக்க அவர்.
அவருக்கு என் விரல் தெரியாது,
எனக்கு அவர் சுத்தியல்.

"கையை எடுத்துக்கவா?"
"எடுத்தா நழுவும். லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்."
தினம் ஐம்பது பேரிடம் நான் சொல்லும் பொய்.

ஒவ்வோர் அடியும் கம்பியில் ஏறி
முழங்கையைக் கடந்து
கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்தது.
"உட்கார்ந்துச்சா?"
"இல்ல."
"இப்போ?"
"கொஞ்சம்."
"இப்போ?"
"அடிங்க."

முதலில் துளி இறுக்கினார்.
பிறகு எதிர்ப்பக்கம் மொத்தப் பலமும்.

ட்டக்.

கழன்றாலும் இந்தச் சத்தம்தான்,
முறிந்தாலும் இந்தச் சத்தம்தான்.
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
விரல் நுனியில் அது சுழன்றது.
தலை மட்டும் சுழல்கிறதா,
உடம்போடு சுழல்கிறதா?
நகத்தை வைத்துப் பார்த்தேன்.
ஒரு வரி வெளியே வந்தது.
இன்னொரு வரி.
துருப்பொடி நகக்கண்ணில் இறங்க
மரை, மரை, மரை.

"வருது லாசர்."

போல்ட் வந்தது.
கை வரவில்லை.
போன வழி அப்படியேதான் இருக்கிறது,
கைதான் வீங்கியிருக்கிறது.
லாசர் தவழ்ந்து வெளியே வந்து
மணிக்கட்டில் இன்ஜின் ஆயிலை ஊற்றினார்.
"கையை மூடாதீங்க. போல்ட்டை விடுங்க."
"மாட்டேன்."
"விழட்டும் விடுங்க. மூச்சை விடுங்க. ஆச்சு. ஆச்சு."
ஊசி போடும்போது நான் பேசுகிற அதே குரல்.
விட்டேன்.
எங்கெங்கோ இடித்துக்கொண்டு கீழே விழுந்தது.
புறங்கைத் தோலைக் கொஞ்சம் உள்ளே வைத்துவிட்டுக்
கை வந்தது.

மணி பதினொன்றே கால். காலை ஆறுக்கு டூட்டி.
லாசர் சட்டைப்பையிலிருந்து புது போல்ட்டை எடுத்தார்,
ஆறு மூலையும் மின்ன.
அதைப் பார்த்தார்.
சந்தைப் பார்த்தார்.
அப்புறம், ரொம்ப மரியாதையாக,
என் கையை.